பழைய வண்டிக்கு அடிச்சாயம்



நம் தோட்டங்களில் எந்த லயத்துப் பக்கம் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். அஞ்சடியின் ஓரத்திலோ, விறகுக் கொட்டகையிலோ, கோழிக் கூட்டுக்குப் பின்னாலோ பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று சாய்ந்து நிற்கும். சக்கரத்தில் காற்று இருக்காது. கைப்பிடியில் கொடி படர்ந்திருக்கும். "இதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமே?" என்று கேட்டால், வீட்டுக்காரர் சற்று நேரம் பேசாமல் இருப்பார். பிறகு மெதுவாக, "அது எங்கப்பா ஓட்டினதுங்க" என்பார். அதற்கு மேல் நாம் கேட்பதற்கு ஒன்றும் இராது.

இப்போது அத்தகைய வண்டிகளைப் புதுப்பிக்கும் ஆர்வம் நம் இளைஞர்களிடம் வளர்ந்திருக்கிறது. வரவேற்கத்தக்க ஆர்வம்தான். ஆனால் இந்த வேலையில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று வண்டியைக் கெடுக்கும். மற்றொன்று வீட்டிலுள்ள குழந்தையைக் கெடுக்கும். இரண்டும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. பழைய சாயத்தையும் துருவையும் நீக்கி, புதிய அடிச்சாயம் பூசும் இடம் அது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நாம் பணியாற்றும் தோட்டத்தில் நம்மிடம் படித்த பையன் ஒருவன் இருக்கிறான். இப்போது பத்தொன்பது வயது. அவன் தந்தை பால் வெட்டுத் தொழிலாளி, காலமாகிவிட்டார். அவர் விட்டுச் சென்றது ஒரு ஹோண்டா கப், எழுபது சி.சி. வண்டி. அந்த வண்டியின் முன்னால் உட்கார்ந்துதான் பையன் முதலாம் ஆண்டுக்குப் பள்ளிக்கு வந்தான். அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கடைக்குப் போய் நான்கு ஸ்ப்ரே டின் நீலச் சாயம் வாங்கினான். மேலே இருந்த துருவை மணல்தாளால் லேசாகத் தேய்த்தான். உடனே சாயம் அடித்துவிட்டான். தீபாவளிக்கு வண்டி பளபளவென்று இருந்தது. மழைக்காலம் கழிந்தது. பின்பக்க மட்கார்டில் அம்மை போட்டதுபோல் கொப்புளங்கள் எழும்பின. விரலால் அழுத்தினால் சாயம் உடைந்து, உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் வந்தது.

"சார், மட்டமான சாயத்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று வந்து சொன்னான்.

"தம்பி, சாயத்தின் மேல் குற்றமில்லை. புரையோடிய புண்ணைக் கழுவாமல் மேலே துணி கட்டினால் புண் ஆறுமா?" என்று கேட்டோம்.

துரு எப்படி உண்டாகிறது? இரும்பும், நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்தால் துரு பிறக்கும். உப்பு இருந்தால் வேகம் கூடும். பால் வெட்டும் உளியை ஒரு நாள் துடைக்காமல் வைத்துவிட்டால் மறுநாள் காலையில் என்ன ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும். செம்பனைத் தோட்டத்தில் வண்டியின் பின்னால் உர மூட்டை ஏற்றிச் செல்கிறோம். அதில் பொட்டாசியம் குளோரைடு என்ற உரம் ஓர் உப்புத்தான். அது சிந்திய இடத்தில் துரு விரைவாகப் பிடிக்கும்.

துருவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே சாயத்துக்கு அடியில் துரு இருந்தால், அது வளர வளர மேலுள்ள சாயத்தைத் தூக்கிவிடும். துருவின் நுண்ணிய துளைகளில் ஈரமும் உப்பும் தங்கியிருக்கும். மேலே எவ்வளவு விலையுயர்ந்த சாயம் பூசினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டேயிருக்கும். கொப்புளத்தின் கதை இதுதான்.

சரி, முறையாகச் செய்வது எப்படி? முதலில் வண்டியை அறிந்துகொள்ள வேண்டும்.

ஹோண்டா கப் ஜப்பானில் 1958-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டுக்கு ஹோண்டா வண்டிகளைக் கொண்டுவந்து பரப்பியவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. 2017-ஆம் ஆண்டில் இந்த வகை வண்டிகளின் உலக உற்பத்தி பத்துக் கோடியை எட்டியது. இதன் உடல், இரும்புத் தகடுகளை அழுத்தி வளைத்துப் பற்றவைத்துச் செய்யப்பட்டது. பின்பக்க மட்கார்டு அந்த உடலோடு சேர்ந்தது. இஞ்சின் கூடு அலுமினியம். காலை மறைக்கும் வெள்ளைக் கவசம் பிளாஸ்டிக். ஒரே வண்டியில் மூன்று வகைப் பொருள்கள். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகலாம்.

ஆகவே ஒரு சிறு காந்தத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். இரும்பாக இருந்தும் ஓரிடத்தில் மட்டும் காந்தம் சோர்வாக ஒட்டினால், அங்கே முன்பு யாரோ கனமாகப் பட்டி பூசி ஓட்டையை மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். தோட்டங்களில் ஓடிய பழைய லேண்ட்ரோவர் வண்டிகளிலும் இந்தச் சோதனை உதவும். 1948-ஆம் ஆண்டில் அவ்வண்டி வந்தபோது போருக்குப் பிந்திய பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. ஆகவே அதன் மேல் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடிச்சட்டம் இரும்பு.

அடுத்து, வண்டியைக் கழற்ற வேண்டும். பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள். பெட்ரோலை முழுவதும் வடித்து, மூடியுள்ள பாத்திரத்தில் அடுப்புக்கு வெகுதூரத்தில் வையுங்கள். காலியான பெட்ரோல் டாங்கியை ஆபத்தில்லாதது என்று எண்ண வேண்டாம். உள்ளே தங்கும் ஆவியும் காற்றும் கலந்தால் ஒரு பொறி போதும். டாங்கிக்கு அருகில் பற்றவைப்பதோ, மின்சாரக் கருவியால் உராய்வதோ கூடாது. கழற்றிய திருகாணிகளைத் தனித்தனி மைலோ டின்களில் போட்டு, எந்தப் பகுதி என்று எழுதி ஒட்டுங்கள். கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வதும் நல்லது. பதறாத காரியம் சிதறாது.

பிரேக் பகுதியைத் திறக்கும்போது அங்குள்ள கருந்தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருந்திருக்கலாம். அதன் நார்கள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகளுக்குப் பின் கொடிய நோய்களைத் தரும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

தேய்ப்பதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிசுக்கு இருக்கும்போதே மணல்தாளால் தேய்த்தால், கோடுகளுக்குள் எண்ணெய் புகுந்துவிடும். அதன் மேல் எந்தச் சாயமும் பிடிக்காது. மண்ணெண்ணெயால் பிசுக்கைக் கரைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்த நீரால் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். பெட்ரோலால் கழுவும் வழக்கம் உடனே நிறுத்தப்பட வேண்டியது.

இனிதான் முக்கியமான கட்டம். பையனுக்கு இவற்றையெல்லாம் சொல்லி அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து, எப்படிச் செய்கிறான் பார்க்கலாம் என்று மாலையில் அவன் வீட்டுக்குப் போனோம். அஞ்சடியில் உட்கார்ந்து வண்டியின் உடலை மணல்தாளால் வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். நீலத்தூசியும், அதற்கடியில் இருந்த பழைய சாயத்தின் தூசியும் மாவு சலித்ததுபோல் தரையெங்கும் கிடந்தன. நான்கடி தள்ளி அவனுடைய அக்காள் குழந்தை, இரண்டு வயது இருக்கும், தரையில் உட்கார்ந்து ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தது. ரொட்டி கீழே விழுந்தது. எடுத்து மறுபடியும் வாயில் வைத்தது.

"தம்பி, நிறுத்து" என்றோம். நம் குரல் சற்று உயர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து பாட்டி ஓடி வந்தார்கள். "என்னங்க வாத்தியாரே, என்ன ஆச்சு?" என்று பதறினார்கள்.

நேயர்களே, என்ன ஆயிற்று என்பதை உங்களுக்கும் சொல்ல வேண்டும். பழைய சாயங்கள் பலவற்றில் ஈயம் உண்டு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்கு ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். துருவைத் தடுக்கச் சிவப்பு ஈயம் என்ற அடிச்சாயத்தை நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். வீட்டுச் சாயங்களில் ஈயத்தை அமெரிக்கா 1978-ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. ஆனால் வண்டி, இயந்திரம், பாலம் ஆகியவற்றுக்கான சாயங்களில் அது பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. கண்ணால் பார்த்து எந்தச் சாயத்தில் ஈயம் உண்டு என்று சொல்ல முடியாது. ஆகவே பழைய வண்டியின் சாயம் எதுவானாலும் அதில் ஈயம் இருப்பதாகவே கொண்டு நடப்பதுதான் அறிவுடைமை.

ஈயம் உடம்புக்குள் போனால் என்ன செய்யும்? பெரியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். சிறு குழந்தைகளுக்கோ அது மூளை வளர்ச்சியைத் தாக்கும். விழுங்கிய ஈயத்தில், பெரியவர்கள் உடல் ஏற்பதைப் போல் நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்றும் அது கூறுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வராது; அழாது. சில ஆண்டுகள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் மனத்தில் நிற்காமல் திணறும். அப்போது நாம் அதை மந்தமான பிள்ளை என்போம். அஞ்சடியில் கிடந்த தூசியை யாரும் நினைக்கமாட்டார்கள். கருவுற்ற தாய் சுவாசித்தால் வயிற்றிலுள்ள குழந்தைக்கும் அது போய்ச் சேரும்.

அன்று அந்த வீட்டில் செய்ததைச் சொல்கிறோம். குழந்தையைத் தூக்கிச் சென்று கைகால்களையும் முகத்தையும் சவர்க்காரத்தால் கழுவி, உடுப்பை மாற்றினார்கள். தூசியைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம் என்று தடுத்தோம். பெருக்கினால் அது மேலே பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டினோம். மறுநாள் குழந்தையைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய், நடந்ததைச் சொல்லி, இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்று கேட்கும்படி தாயிடம் சொன்னோம். வண்டியை லயத்திலிருந்து தள்ளியிருந்த பழைய கொட்டகைக்கு மாற்றினோம்.

அதன்பின் அந்தக் கொட்டகையில் நாம் வைத்த விதிகள் இவை. பழைய சாயத்தை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்கக்கூடாது. நீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு மணல்தாளை வாங்கி, வாளியில் தண்ணீர் வைத்து, நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும். தூசியைத் தடுக்கும் என்-95 முகக்கவசமாவது அணிய வேண்டும். வாயில் கட்டிய கைக்குட்டை போதாது. வேலை செய்யும் இடத்தில் தின்பதோ, தேநீர் குடிப்பதோ, புகைபிடிப்பதோ கூடாது. வேலை முடிந்ததும் உடுப்பை அங்கேயே மாற்றி, கைகழுவி, அதன்பின்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். அந்த உடுப்பை மற்றத் துணிகளோடு துவைக்கக்கூடாது. சேறான கழிவை லயத்துக் கால்வாயில் ஊற்றக்கூடாது. அது ஆற்றுக்குத்தான் போகும். டின்னில் சேர்த்து மூடி வைத்து, நகராண்மைக் கழகத்திடமோ பட்டறையிடமோ கேட்டு ஒப்படைக்க வேண்டும்.

மணல்தாளின் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும். கனமான துருவுக்கு 80. அதன் கீறல்களைத் தணிக்க 120, 180. அடிச்சாயம் பூசுவதற்கு முன் 240 அல்லது 320. கண்ணாடிபோல் வழவழப்பாகவும் தேய்க்கக்கூடாது. சாயம் பிடித்துக்கொள்ள நுண்ணிய சொரசொரப்பு வேண்டும்.

வண்டியின் சட்டத்திலும் இஞ்சினிலும் பொறித்திருக்கும் எண்களின் மேல் மணல்தாளே படக்கூடாது. அங்கே துணியால் மட்டும் துடையுங்கள். அந்த எண் தேய்ந்தால் வண்டி யாருடையது என்பதற்குச் சான்று இல்லாமல் போகும். சட்டச் சிக்கலும் வரும். வண்டியின் நிறத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

சாயத்தைக் கரைக்கும் மருந்து வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அவற்றில் மெத்திலீன் குளோரைடு என்ற திரவம் கலந்தவை உண்டு. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் தரையை ஒட்டித் தேங்கும். மயக்கம் தரும், உயிரையும் பறித்திருக்கிறது. அமெரிக்காவில் 2019-ஆம் ஆண்டு முதல் அது கலந்த சாயக் கரைப்பான்களைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை இருக்கிறது. டின்னில் அந்தப் பெயர் இருந்தால் வாங்க வேண்டாம். காஸ்டிக் சோடாவும் சாயத்தைக் கரைக்கும். ஆனால் அது அலுமினியத்தையே தின்று, தீப்பற்றும் வாயுவை வெளியிடும். கண்ணில் தெறித்தால் பார்வை போகும். பால் ஸ்டோரில் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டைக் கொண்டுவந்து துருவில் ஊற்றுவதும் கூடாது. அதன் ஆவியும் சுடும், துளியும் சுடும் என்பதை அங்கே வேலை செய்யும் தாய்மார்கள் அறிவார்கள்.

சிறிய இரும்புத் துண்டுகளில் பிடித்த துருவுக்கு வீட்டிலுள்ள புளிக்காடியே போதும். சமையலுக்கு வாங்கும் வெள்ளைக் காடியில் ஓர் இரவு ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் துரு உதிரும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து வெயிலில் உலர்த்துங்கள். ஸ்பிரிங்குகளையும், அதிகப் பாரம் தாங்கும் கடினமான திருகாணிகளையும் காடியிலோ வேறு ஆசிட்டிலோ ஊறப்போடக் கூடாது. அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் அந்த உருக்குக்குள் புகுந்து, வெளியே தெரியாமல் அதை நொறுங்கச் செய்யும்.

எல்லாம் தேய்த்து இரும்பு வெள்ளி போல் தெரிகிறது. அப்பாடா என்று அன்றிரவு தூங்கப் போய்விட்டால் பட்ட பாடு வீண். நம் நாட்டில் விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். மறுநாள் எழுந்து பார்த்தால் இரும்பின் மேல் மெல்லிய பழுப்புத் திரை விழுந்திருக்கும். ஆகவே எந்தப் பகுதியை இன்று தேய்க்கிறோமோ அதற்கு இன்றே அடிச்சாயம் பூசிவிட வேண்டும். ஒரே நாளில் முடியக்கூடிய அளவுக்கு மட்டும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பூசுவதற்கு முன் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் தயார். அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள். நம் வியர்வையில் உப்பும், விரலில் எண்ணெயும் உண்டு. சில வாரம் கழித்து அந்த ஐந்து விரலும் அப்படியே துருவாகத் தெரியும்.

பூசும் நேரமும் முக்கியம். ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பூசக்கூடாது என்பது தொழிலறிந்தவர்களின் விதி. கருவி இல்லாதவர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஈரத்துணியால் இரும்பின் மேல் ஒரு சிறு கோடு இழுங்கள். கால் மணி நேரத்துக்குள் அது உலர்ந்துவிட்டால் பூசலாம்; உலராவிட்டால் காத்திருங்கள். பனி விலகிய காலை பத்து மணி முதல், பிற்பகல் மழை மேகம் திரளும் வரை நமக்குக் கிடைக்கும் நேரம்.

அடிச்சாயத்தைக் கடையில் பிரைமர் என்று கேட்க வேண்டும். எல்லாப் பிரைமரும் ஒன்றல்ல. ரெட் ஆக்சைடு என்பது விலை குறைவு. இரும்பின் மறைவான பகுதிகளுக்குப் போதுமானது. நிறம் ஒன்றாக இருந்தாலும் அது பழைய சிவப்பு ஈயம் அன்று. இதில் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. டின்னைப் படித்து, ஈயமும் குரோமேட்டும் இல்லாததாக வாங்குங்கள். துத்தநாக பாஸ்பேட் கலந்த பிரைமர் அதைவிட நன்றாகத் துருவைத் தடுக்கும். எபாக்சி பிரைமர் இரண்டு பாகமாக வரும். கலந்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் பூசியாக வேண்டும். ஈரத்தை மிக நன்றாகத் தடுப்பது அதுவே. அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் என்று தனியாக உண்டு. அது உலோகத்தைச் சற்று அரித்துப் பிடித்துக்கொள்ளும். மிக மெல்லிய பூச்சு. தனியாக விட்டால் பாதுகாப்புத் தராது. எதன் மேல் எதைப் பூசலாம் என்பதை டின்னில் எழுதியிருப்பார்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையை அருகில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதுவும் ஒரு பாடந்தான்.

ஸ்ப்ரே டின் ஆனால் ஏறக்குறைய ஒரு சாண் அளவுக்கு, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். முதலில் ஓரங்களும் மூலைகளும், பிறகு பரப்பு. ஒரே கனமான பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் நல்லவை. ஹோண்டா கப்பில் பின்மட்கார்டின் உட்புறமும், டாங்கியின் அடிப்புறமும், பேட்டரி இருந்த இடமும் துரு முதலில் குடியேறும் இடங்கள். கண்ணுக்குத் தெரியாதவை என்று அவற்றை விட்டுவிடாதீர்கள். திருகு மரைகள், பிரேக் டிரம்மின் உட்புறம், மின்கம்பி உடலோடு சேரும் இடம் ஆகியவற்றை நாடாவால் மறைத்துவிடுங்கள். அங்கே சாயம் ஆகாது. ஸ்ப்ரே அடிக்கும்போது காற்றோட்டமான இடத்தில், ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். கடினப்படுத்தும் திரவம் கலந்து அடிக்கும் இரண்டு பாக மேற்சாயங்களில் ஐசோசயனேட்டு என்ற பொருள் இருக்கும். அது ஆஸ்துமாவை உண்டாக்கும். அந்த வேலையைத் தகுந்த அறை உள்ள பட்டறையிடம் விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு தவறு. நம் பையன் அதையும் செய்யப் பார்த்தான். அடிச்சாயம் பூசி முடித்ததும் கையில் பணம் தீர்ந்துவிட்டது. "சார், இப்படியே ஓட்டுகிறேன். அடுத்த வருடம் மேற்சாயம் அடித்துக்கொள்ளலாம்" என்றான். கூடாது என்றோம். பெரும்பாலான அடிச்சாயங்களில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே மழைநீர் மெல்ல உள்ளே இறங்கும். ஓராண்டு வெறும் அடிச்சாயத்தோடு ஓடிய வண்டியை மறுபடியும் இரும்புவரை தேய்க்க வேண்டியிருக்கும். விலை குறைந்த எனாமல் சாயமாயினும் மேலே பூசிவிட வேண்டும். அவன் இரண்டு வாரம் பொறுத்து, சம்பளம் வாங்கி, பூசினான். அதுவரை வண்டி கொட்டகைக்குள்ளேயே நின்றது.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். தேய்க்கும் வேலை நடந்தபோது, இருக்கையைத் தூக்கியதும் அடியில் ஓரிடத்தில் பழைய சாயம் கெடாமல் இருந்தது. அதன் மேல் அவன் தந்தை தூரிகையால் தம் செக்ரோல் எண்ணை எழுதியிருந்தார். பையன் மணல்தாளைக் கையில் பிடித்தபடி நின்றான். "இதையும் எடுத்துவிட வேண்டுமா சார்?" என்று கேட்டான்.

எடுக்க வேண்டியதில்லை என்றோம். உறுதியாகப் பிடித்திருக்கும் பழைய சாயம் கெட்டுப்போன பொருள் அன்று. அதன் அடியில் துரு இல்லை. அதைத் தேய்க்காமல் விட்டால் தூசியும் இல்லை. சுற்றியுள்ள விளிம்பை மட்டும் நனைத்து மெல்லத் தணித்து, மேலே நிறமற்ற மெருகு பூசினால் அது இன்னும் பல ஆண்டு நிற்கும். அவன் அப்படியே செய்தான். கெட்டதை வேர்வரை எடுப்பதும், நல்லதை நல்லது என்று கண்டு விட்டுவைப்பதும் இந்தத் தொழிலின் இரண்டு கண்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பழைய வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் திட்டாதீர்கள். வாகனச் சாயம் பூசுதல் இன்று பயிற்சி தந்து சான்றிதழ் வழங்கும் தொழில். ஆர்வமுள்ள பிள்ளைகள் மலேசியத் திறன் சான்றிதழுக்கான பயிற்சி நிலையங்களை விசாரிக்கலாம். ஆனால் வேலை நடக்கும் இடம் எது என்று மட்டும் எழுந்து போய்ப் பாருங்கள். அஞ்சடியாக இருந்தால், அருகில் குழந்தை இருந்தால், அன்று நாம் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லுங்கள்: "தம்பி, நிறுத்து." கொட்டகைக்குப் போகட்டும், வாளியில் தண்ணீர் வைத்துக்கொள்ளட்டும். வண்டி நாளைக்கும் கிடைக்கும்.